மலையேறாத மூன்று ஸ்பிரிண்ட்

செம்மேடு,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள தங்கச்சி யமுனாவுக்கு,

பிலிப் அண்ணன் எழுதுவது. நலமா என்று கேட்கக்கூட எனக்கு வாய் வரவில்லை. வேலையை விட்டு மூன்று மாதமாகியும் உனக்கு வேறு இடம் அமையவில்லை என்று நம் டீம் மோனிஷா சொன்னாள். போகிற கம்பெனியெல்லாம் நம் ஆபீஸில் விசாரிக்கிறார்களாம். இங்கே கிழங்கு அழுகியதைப் பற்றி எழுதிய அந்த ரிப்போர்ட்டைச் சொல்லிவிடுகிறார்களாம். அதில் தவறு செய்தவர் என்று உன் பெயர் இருக்கிறது. இருக்க வேண்டியது என் பெயர்.

நம் வேலை முறையில் ஒரு குறையும் இல்லை. இரண்டு வாரத்துக்கு ஒரு ஸ்பிரிண்ட். லாரி கூப்பிடும் ஆப்பில் நீ கொஞ்சம் செய்து தர, நான் கொல்லிமலை விவசாயிகள் கையில் கொடுத்துக் குறை கேட்டு வர, அடுத்த ஸ்பிரிண்டில் நீ திருத்த வேண்டும். எந்தத் தப்பும் இரண்டு வாரத்தில் தெரிந்துவிடும். ஆனால் நான் முதல் ஸ்பிரிண்டுக்கு மட்டும்தான் மலையேறினேன். எழுபது கொண்டை ஊசி வளைவு. பதினைந்து தாண்டுவதற்குள் பஸ்ஸிலேயே வாந்தி எடுத்துவிட்டேன். கண்டக்டர் எல்லோர் முன்னாலும் திட்டினார். வெட்கத்தில் உங்கள் யாரிடமும் சொல்லவில்லை.

அடுத்த மூன்று ஸ்பிரிண்டும் அடிவாரத்தில் பேளுக்குறிச்சிச் சந்தையிலேயே நின்றுகொண்டேன். மலையிலிருந்து இறங்கி வருகிறவர்களிடம் போனைக் கொடுத்துப் பார்த்தேன். அங்கே டவர் நன்றாக இருக்கும். கிழங்கு ஏற்ற லாரி வேண்டும் என்று அழுத்தினால் உடனே போய்விடும். மூன்றாவது ஸ்பிரிண்ட் மீட்டிங்கில், டவர் இல்லாத ஊரில் என்ன ஆகிறது என்று பார்த்தீர்களா அண்ணா என்று நீ கேட்டாய். பார்த்தாச்சு என்று கூசாமல் சொன்னேன். நீயும் நம்பி ஆப்பில் அடுத்த பகுதியைச் செய்யப் போய்விட்டாய்.

மலைமேல் டவர் இல்லாத குண்டனி நாட்டில் வேலம்மாள் அக்கா லாரி கேட்டு அழுத்தியபோது, பதிவாகிவிட்டது என்று போனில் வந்தது. லாரிக்காரருக்குச் செய்தி போகவே இல்லை. ஒரு ஏக்கர் கிழங்கைப் பிடுங்கி வைத்துக் காத்திருந்தார். நாலு நாளில் அழுகிப்போனது. மீட்டிங்கில் எல்லோரும் உன்னைப் பிடித்துக் கேட்டபோது நான் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தேன். நினைத்தால் என் மேலேயே எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

நேற்று பாலிதீன் பையைக் கையில் பிடித்துக்கொண்டு மலையேறி வந்தேன். அக்காவிடம் நடந்ததையெல்லாம் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். ஏனுங்க, மேல வர முடியலீன்னு அந்தப் புள்ளகிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா, அதுவே வந்து பாத்திருக்குமல்லங்க என்றார்.

மேனேஜருக்கும் எழுதிவிட்டேன். ரிப்போர்ட்டைத் திருத்துவார்களா, தெரியாது. தவறு என்னுடையது என்று கையெழுத்துப் போட்ட கடிதம் இத்துடன் இருக்கிறது. இன்டர்வியூவில் கேட்டால் தயங்காமல் காட்டு. இனி என்னை அண்ணா என்று கூப்பிடுவதும் விடுவதும் உன் இஷ்டம்.

நீ சேரப்போகும் இடத்தில், நீ கேட்டதும் 'இல்லை, பார்க்கவில்லை' என்று சொல்கிற ஒருவர் உன் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று கர்த்தரை வேண்டிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பிலிப்