வினிகரில் ஊறிய முத்திரை

ஜூன் 3, சனி

இன்று கடையில் இருநூறு சாவி வெட்டினேன். இனி உலகத்தில் பூட்டிக் கிடக்கும் கதவே இருக்காது. வீட்டுக்கு வந்தால் அக்கா மகள் டிவி முன்னால் தவம். சனிக்கிழமை ஆறு மணிப் புதையல் தொடர். தொப்பி போட்ட ஒருத்தி கல்லறைக்குள் குதிக்கிறாள், கூரை இடிகிறது, தொப்பி மட்டும் கசங்குவதே இல்லை.

"இவ என்னைக்காவது தலை வாரியிருப்பாளா?"

"ஷ்ஷ், மாமா! அந்தச் சுவர்ல என்ன எழுதியிருக்குன்னு பாருங்க."

பதினான்கு வயது. சுவரைப் படிக்கிறாளாம். கொஞ்சம் விளையாடிப் பார்த்தால் என்ன?

ஜூன் 5, திங்கள்

பெயர்ப்பலகை செதுக்கும் மெஷினில் ஒரு பித்தளைத் தகட்டை மாட்டினேன். பழங்கால முத்திரை மாதிரி ஒரு கப்பல், மேலே சூரியன், சுற்றிலும் எந்த மொழியிலும் இல்லாத பதினோரு எழுத்து. இப்போது வினிகரிலும் உப்பிலும் ஊறுகிறது. மூன்று நாளில் மூவாயிரம் வயசாகிவிடும். காலத்துக்கே இந்த வேகம் கிடையாது.

ஜூன் 9, வெள்ளி

வீட்டுக்குப் பின்னால் தண்ணீர்க் குழாய்க்குத் தோண்டிய பள்ளத்தில் காலையிலேயே புதைத்தேன். சாயங்காலம் அவள் கண்டெடுத்தாள். போட்ட கூச்சலில் நாலு தெருவில் கண்ணாடி உடைந்தது. சிரித்துக்கொண்டே உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தேன். அவளோ முத்திரையின் மண்ணைக்கூடத் துடைக்காமல், பள்ளத்தின் ஆழத்தை ஸ்கேலால் அளந்துகொண்டிருந்தாள். அளவை உள்ளங்கையில் எழுதிக்கொண்டாள்.

நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம்.

ஜூன் 10, சனி

சொல்லவில்லை.

ஜூன் 18, ஞாயிறு

நூலகத்திலிருந்து ஒரு லாரி புத்தகம் இறங்கியிருக்கிறது. தொப்பிக்காரியைப் பற்றிப் பேச்சே இல்லை. எல்லாம் துறைமுகம், சுங்கம், சரக்கு மூட்டை.

"மாமா, அந்தக் காலத்துல மூட்டை மேல களிமண்ணை அப்பி முத்திரை குத்துவாங்களாம். அது உடையாம இருந்தா யாரும் பிரிக்கலைன்னு அர்த்தம். அதான் அவங்க பூட்டு!"

இருபத்திரண்டு வருஷமாகப் பூட்டோடு குடும்பம் நடத்துகிறவன் நான். இது எனக்குத் தோன்றியதே இல்லை.

பள்ளிகளுக்கான வரலாற்றுப் போட்டிக்குக் கட்டுரை எழுதுகிறாள். முத்திரையை மேடையில் காட்டப் போகிறாளாம். மியூசியம் அதிகாரிதான் நடுவர். பார்த்த உடனே கண்டுபிடித்துவிடுவார். ஊர் முன்னால் எங்க வீட்டுப் பொண்ணு— சொல்லிடணும். இன்னைக்கே சொல்லித் தொலைடா, கோழை.

ஜூன் 29, வியாழன்

போட்டி. நான் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன். அதிகாரி லென்ஸ் வைத்துப் பார்த்தார்.

"எல்லாக் கோடும் ஒரே அகலம். இது மெஷின்ல வெட்டினதும்மா. யாரு குடுத்தா?" மெதுவாகத்தான் கேட்டார்.

"பள்ளத்துல கிடைச்சது சார்."

பின்வரிசையில் சிரித்தார்கள். அவள் கூட்டத்தில் என்னைத் தேடினாள். நான் குனிந்து, காலிலேயே கிடந்த செருப்பைத் தேடினேன்.

ஜூன் 30, வெள்ளி

சாப்பிட உட்கார்ந்ததும் சொன்னேன். அவள் அழவில்லை. "நேத்தே ஏன் சொல்லல?" என்றாள். தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அக்காதான் பேசினாள். "டேய், எழுந்து நின்னு 'நான்தான் செஞ்சேன்'னு ஒரு வார்த்தை. ஊரெல்லாம் பேசுற வாய் அதுக்கு மட்டும் வரலையே உனக்கு."

ஜூலை 1, சனி

ஆறு மணிக்கு டிவி ஓடவில்லை. திருப்பித் தருவதற்காக நூலகப் புத்தகங்களைக் கட்டி வாசலில் வைத்திருக்கிறாள்.

ஜூலை 5, புதன்

கடையை மூடிவிட்டு மியூசியத்துக்குப் போனேன். மிச்சத் தகட்டையும் வினிகர் பாட்டிலையும் அதிகாரியின் மேஜையில் வைத்தேன். "அவ பொய் சொல்லல சார். பொய்யே நான்தான்."

"கட்டுரையில முத்திரையைத் தவிர எல்லாம் சரி. அதை அவளுக்கு நானே எழுதறேன். நீங்க சொன்னா நம்ப மாட்டா."

ஜூலை 6, வியாழன்

அவள் வகுப்பில் ஆசிரியை அனுமதியோடு எழுந்து நின்று எல்லாவற்றையும் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை.

ஜூலை 12, புதன்

கடைக்கு வந்தாள். நோட்டு, பென்சில். வாடிக்கையாளர் போல எதிரே நின்றாள்.

"வினிகர்ல எத்தனை நாள்?"

"மூணு."

"உப்பு எவ்வளவு?"

போலிகளைப் பற்றி எழுதச் சொல்லி அதிகாரி கடிதம் போட்டிருக்கிறார். புத்தகங்களை மறுபடி எடுத்து வந்துவிட்டாளாம். மாமா என்ற சொல் ஒரு தடவைகூட வரவில்லை.

"நீங்க டைரி எழுதுவீங்கன்னு அம்மா சொன்னாங்க. அது எனக்கு வேணும். ஒரு பக்கமும் கிழிக்கக் கூடாது."

ஜூலை 16, ஞாயிறு

டைரியை என் மேஜையில் வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். ஓரமெல்லாம் பென்சில். இருநூறு சாவிக்குப் பக்கத்தில், 'ஆதாரம்?' நாலு தெருக் கண்ணாடிக்கு, 'ஒண்ணுகூட உடையல.' ஒரு லாரி புத்தகத்துக்கு, 'ஐந்து.' நான் எழுதியதில் பாதியை அடித்துவிட்டாள். தனியாக உட்கார்ந்து சிரித்தேன்.

போட்டி நாள் பக்கத்தைத் திருப்பத் தயக்கமாக இருந்தது. திருப்பினேன். அதில் எந்த அடித்தலும் இல்லை. செருப்பைத் தேடிய கடைசி வரிக்கு நேரே மட்டும் சின்ன எழுத்தில்:

'சரி. நானும் பார்த்தேன்.'