இரண்டாம் படியில் ஒரு பென்சில் புள்ளி

ஏட்டி,

நேற்று முற்பகலில் எங்கள் வீட்டு மணியை அடித்தது ஒரு சின்னப் பெண். கழுத்தில் அடையாள அட்டை, கையில் ஒரு டேப்லெட். சர்வேக்கு வந்திருப்பதாகவும், பட்டியலில் என் பேர் வந்திருப்பதாகவும் சொன்னாள். நான் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வருவதற்குள் என் மகன் முன்னால் போய் நின்றுகொண்டான். “அம்மாவுக்கு இதெல்லாம் தெரியாதுங்க. நான் சொல்றேன், எழுதிக்கோங்க” என்றான். எனக்கு அப்போதே சிரிப்பு முட்டியது. அந்தப் பெண் டேப்பைத் திருப்பிக் காட்டினாள். அதில் பத்துப் படி வைத்த ஓர் ஏணிப் படம். நான் வாய்விட்டே சிரித்துவிட்டேன். மகனும் அந்தப் பெண்ணும் பயந்துபோய் என்னைப் பார்த்தார்கள். நீ இருந்திருந்தால் உடனே உனக்கு போன் போட்டிருப்பேன். நீ போய் ஏழு மாதம் ஆகிறது. இன்னும் எதற்கெடுத்தாலும் கை போனைத்தான் தேடுகிறது.

அந்த ஏணியேதான், ஏட்டி. வாழ்க்கையில் மிக நல்ல நிலை மேல்படி, மிக மோசமான நிலை கீழ்ப்படி, நீங்கள் எந்தப் படியில் நிற்கிறீர்கள் என்று ஊர் ஊராகக் கேட்டுக்கொண்டு நாம் அலைந்தோமே, அதே ஏணி. நமக்கு அது அட்டையில் ஒட்டிய படம். இப்போது கண்ணாடிக்குள் மினுக்குகிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

எண்பதுகளின் தொடக்கம். சங்கரன்கோவில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் நீயும் நானும் பக்கத்துப் பக்கத்து மிஷின். மெட்ராசிலிருந்து ஒரு சூப்பர்வைசர் வந்து, பெண்களிடம் கருத்துக் கேட்கப் பெண்கள்தான் வேண்டும், பதினைந்து நாள் வேலை, நன்றாகச் செய்தால் அடுத்து ஒரு வருஷ வேலை இருக்கிறது என்றார். எங்கள் அப்பாவோ, “இந்தப் பதினஞ்சு நாளு போயிட்டு வா. அதுக்கப்புறம் வீட்டோட இருக்கணும்” என்று சொல்லிவிட்டார். அந்த ஒரு வருஷ வேலை கிடைத்தால் அவர் வாயை அடைத்துவிடலாம் என்பது என் திட்டம். உனக்கு அந்தக் கவலை கிடையாது. உங்கள் அப்பா பாத்திரக்கடையில் பித்தளைக் குடத்தைத் தட்டிக் காட்டிக்கொண்டே, “எம் மவ சர்க்கார் ஆபீசரு கணக்கா ஊரு சுத்துதா” என்று வருகிறவர்களிடமெல்லாம் பெருமை அடித்துக்கொண்டிருந்தார்.

சூப்பர்வைசர் சொல்லிக் கொடுத்த சட்டம் ஒன்றே ஒன்றுதான். வாக்காளர் பட்டியலில் எந்தப் பேரில் குறி போட்டிருக்கிறதோ, அந்த ஆள் வாயால்தான் பதில் வரவேண்டும். மெட்ராசில் உட்கார்ந்து சொல்ல எளிதாக இருந்தது. இளையரசனேந்தலில் முதல் வீட்டில் என்ன நடந்தது? குறி போட்டிருந்தது மருமகள் பேருக்கு. வாய் திறந்தது மாமியார், மாமனார், கொழுந்தன், எதிர்வீட்டுக்காரர், ஆடு பத்திக்கொண்டு போன ஒருவர். மருமகள் கதவுக்குப் பின்னால் நின்று வளையலைத் திருகிக்கொண்டிருந்தாள். “அவகிட்ட என்னத்தக் கேக்கிய? நாங்க சொல்லுதோம்லா” என்றார்கள்.

அன்றைக்குத் திரும்பி வந்து பஸ்ஸை விட்டு இறங்கும்போது, “ஏட்டி, அழுத பிள்ளைக்குப் பராக்குக் காட்டுவாகல்லா? கூட்டத்துக்கும் காட்டிருவோம்” என்றாய்.

மறுநாளிலிருந்து நான் பராக்குக்காரி. அச்சு மங்கிப்போன கேள்விப் பாரங்கள் கொஞ்சம் மிச்சம் கிடந்தன. அவற்றைப் பரீட்சை அட்டையில் செருகிக்கொண்டு நான் வாசலில் உட்காருவேன். கூட்டம் மொத்தமும் என்னைச் சுற்றிக்கொள்ளும். அவர்கள் சொல்வதையெல்லாம் தலையை ஆட்டி ஆட்டி எழுதுவேன். நீ குடிக்கத் தண்ணீர் கேட்கிற சாக்கில் உண்மையான பாரத்தோடு புறவாசலுக்குப் போய்விடுவாய். மாட்டுத்தொழுவிலோ கிணற்றடியிலோ அந்தப் பெண்ணோடு குத்தவைத்து, ஏணிப் படத்தைக் காட்டி, அவள் கையிலேயே பென்சிலைக் கொடுத்துப் புள்ளி வைக்கச் சொல்வாய். அதற்கு முன்னால் ஒரு வாக்குக் கொடுப்பாய். “நீங்க சொல்லுதது இந்த ஊருல ஒரு குஞ்சுக்கும் தெரியாது மதினி. மெட்ராசுக்குப் போயி வெறும் எண்ணா மாறிரும்.”

கரிவலம்வந்தநல்லூருக்குப் போனது ஒரு செவ்வாய்க்கிழமை. கடைசி வீடு ஒரு சம்சாரி வீடு, வசதியான விவசாயக் குடும்பம். பம்புசெட், நாலு ஜோடி மாடு, மாடியில் காயப்போட்ட மிளகாய். வீட்டுப் பெரியவரிடம் நான் ஏணியை நீட்டினால் மனிதர் கொஞ்சமும் யோசிக்காமல் கடைசிப் படியைக் காட்டினார். “அதுக்குங் கீழ ஏதும் இருந்தா அங்கன போடு தாயி. மேல போட்டுராத, கண்ணு பட்டுரும்.” அவர் சொன்னதுதான் தாமதம், சுற்றி நின்ற எல்லோரும் கடைசிப் படிக்குப் போட்டி போட்டார்கள். நீ புறவாசல் வேலையை முடித்துவிட்டு வந்து, போகிறபோக்கில் அவரிடம், “சங்கரன்கோவில் வந்தா எங்க கடைக்கு வாங்க அண்ணாச்சி, நல்ல பாத்திரமா பாத்துக் குடுக்கச் சொல்லுதேன்” என்றாய். உன் வாய் சும்மா இருக்குமா?

அடுத்த தப்பு என்னுடையது. புதன்கிழமை காலையில், “அந்தப் பராக்குக் கட்டைக் கொண்டு போயி அப்பா கடையில போட்டுரு, பாத்திரம் பொதிய ஆவும்” என்றாய். இரண்டு கட்டும் ஒரே மாதிரி சணலில் கட்டிக் குப்புறக் கிடந்தன. நான் புரட்டிப் பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானம், மறுநாள் தபாலில் அனுப்பக் கட்டைப் பிரித்து நீ சரிபார்த்தாய். கடைசிப் படி. அடுத்த பாரம், கடைசிப் படி. அதற்கடுத்ததும் கடைசிப் படி. நீ நிமிர்ந்து என்னைப் பார்த்தாய். நான் கடையில் கொண்டுபோய்ப் போட்டது உண்மைக் கட்டை.

கடைக்கு ஓடினோம். உங்கள் அப்பா சந்தோஷமாக, “நல்ல கெட்டிப் பேப்பருட்டி. இன்னைக்குக் காலையிலதான் பிரிச்சேன். உன் பேரைச் சொல்லிக் கரிவலத்துலருந்து ஒரு பெரியவரு வந்தாரு. பால் தூக்குவாளி ஒண்ணு பொதிஞ்சு குடுத்தேன்” என்றார். கரிவலத்தில் எழுதிய எட்டுப் பாரத்தில் ஏழுதான் கட்டில் இருந்தது. கட்டின் மேலே இருந்தது கடைசி வீட்டுப் பாரம். அந்த வீட்டு மருமகளின் பாரம், அந்த வீட்டு மாமனார் கையிலேயே போயிருந்தது!

“அந்த மதினி என்ன சொல்லியிருக்கா தெரியுமாட்டி?” என்று நீ தலையில் கையை வைத்துக்கொண்டாய். “ரெண்டாம் படியில புள்ளி வச்சா. ‘வீட்டில் முடிவெடுக்கும்போது உங்களைக் கேட்பதுண்டா?’ன்னு கேட்டேன். ‘இந்த வீட்டுல மாட்டைக் கேட்டாலும் கேப்பாக, என்னைக் கேக்க மாட்டாக’ன்னா. அவ சொன்னதை அப்படியே எழுதியிருக்கேன்டி!”

நான் ஒரு மூடத்தனமான யோசனை சொன்னேன். உனக்குத்தான் பதிலெல்லாம் மனப்பாடமாக இருக்கிறதே, புதுப் பாரத்தில் எழுதி அனுப்பிவிடலாமே என்றேன். எனக்கு அந்த ஒரு வருஷ வேலை கண்முன் நின்றது. நீ முறைத்த முறை இன்னும் மறக்கவில்லை. “பாரம் போனா போவுது. அந்த வீட்டுல அவ வாங்கப்போற ஏச்சுக்கு யாருட்டி பதில் சொல்லுவா? வாக்குக் குடுத்தது நான்” என்று சொல்லிவிட்டு பஸ் ஸ்டாண்டைப் பார்க்க நடந்தாய். நான் பின்னாலேயே ஓடி வந்தேன். வழியெல்லாம் எனக்குச் சங்கரநாரணனும் கோமதியம்மனும்தான் துணை. நீ உன் பங்குக்கு மாதாவைக் கூப்பிட்டுக்கொண்டு வந்தாய்.

வேப்பமரத்தடியில் பெரியவர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். முகத்தைப் பார்த்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. “என்ன பிள்ளைகளா, மறுபடியுமா? கடைசிப் படிதான்னு சொன்னேம்லா!” என்றார். நீ தண்ணீர் கேட்டு உள்ளே நழுவினாய். என்னிடம் பாரமும் இல்லை, கேள்வியும் இல்லை. கையில் கிடைத்த பஸ் டிக்கெட்டின் பின்பக்கம் எழுதத் தயாராகி, “உங்க வீட்டு மாடுக ரேடியோப் பாட்டு கேக்குமா?” என்று கேட்டுவிட்டேன். சத்தியமாக வாயில் வந்தது அதுதான். மனிதர் கோபப்படவில்லை. கொம்பு மழுங்கிய காளைக்கு நாயனம் பிடிக்கும் என்று விரிவாகச் சொன்னார். சொல்லிவிட்டு, “வெயில்ல வந்திருக்கிய, கலர் சோடா வாங்கியாரேன்” என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கடைக்குக் கிளம்பினார்.

நான் ஒரே ஓட்டமாக அடுப்படிக்கு வந்தேன். அந்த மருமகள் அக்கா அஞ்சறைப்பெட்டியைத் திறந்து, கடுகுக் கிண்ணத்தை எடுத்து, அடியிலிருந்து நாலாக மடித்த பாரத்தை உருவிக்கொண்டிருந்தாள். பொதிந்த சணலை அவள்தான் அறுத்தாளாம். படிக்கத் தெரியாது. ஆனால் ஏணியும் தான் வைத்த புள்ளியும் தெரிந்துவிட்டது. “ஆம்பளை கை படாத இடம் இந்த வீட்டுல இது ஒண்ணுதான்” என்றாள். பிறகு உன்னைப் பார்த்து, “மெட்ராசுக்குப் போவும்னு சொன்னிய. தூக்குவாளியச் சுத்திக்கிட்டுல்லா வந்திருக்கு!” என்று சிரித்தாள். உனக்குச் சிரிப்பு வரவில்லை. “எங்க தப்பு மதினி. மன்னிச்சிருங்க” என்று கையைப் பிடித்துக்கொண்டாய். ‘இவ தப்பு’ என்று நீ சொல்லவில்லை. பிறகு எத்தனையோ சண்டை போட்டோம், எதிலும் அதைச் சொல்லிக் காட்டியதில்லை. அதற்காகவே உன்மேல் எனக்கு உயிர்.

கிளம்பும்போது அந்த அக்கா உன் முந்தானையைப் பிடித்து நிறுத்தினாள்.

“ரெண்டாம் படின்னு சொன்னேம்லா. அழிச்சிட்டு மூணுல போடுங்க.”

“ஏன் மதினி?”

“என் ஒரு பேச்சுக்காவ ரெண்டு பேரு பஸ் ஏறி வந்திருக்கியளே.”

உன் கண் கலங்கியதைப் பார்த்தேன். மாற்றிவிடுவாய் என்றே நினைத்தேன், ஏட்டி. நீ பாரத்தை மடித்துப் பைக்குள் வைத்தாய். “மாத்தக் கூடாது மதினி. அன்னைக்கு நீங்க சொன்னது ரெண்டு. மெட்ராசுக்கு ரெண்டுதான் போவும். மூணை நான் மனசுல வச்சுக்கிடுதேன்” என்றாய். அவளும் சரி என்று தலையாட்டினாள்.

தபால் ஒரு நாள்கூடத் தாமதமாகவில்லை. கூடவே நடந்ததை மறைக்காமல் நீ ஒரு கடிதமும் எழுதி வைத்தாய். அடுத்த மாதம் வந்த சூப்பர்வைசர் நம்மை நிற்க வைத்து ஒரு மணி நேரம் ஏசினார். ஏசி முடித்துவிட்டு, “ஒரு பாரத்துல மட்டும் பெருங்காய வாசனை அடிச்சுதே, அதுதானா அது?” என்று கேட்டுத் தானும் சிரித்துவிட்டார். ஒரு வருஷ வேலை இருவருக்கும் கிடைத்தது. எங்கள் அப்பாவின் ‘வீட்டோட இரு’ அதற்குப் பிறகு எடுபடவே இல்லை.

நேற்றைய கதையை முடிக்கிறேன். அந்தச் சின்னப் பெண் என் மகனிடம், “சார், அம்மா பேருதான் வந்திருக்கு. நீங்க கொஞ்சம் உள்ள இருங்க” என்று தன்மையாகச் சொன்னாள். அவன் முணுமுணுத்துக்கொண்டே போனான். எனக்கு அவளைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. ஏணிக்கு ஆறு என்று சொன்னேன். நீ போன பிறகு ஒரு படி இறங்கித்தான் நிற்கிறேன், அதையும் ஒளிக்காமல் சொன்னேன். வேலை முடிந்ததும் மோர் கொடுத்து உட்கார வைத்து, உன்னையும் கரிவலத்தையும் அஞ்சறைப்பெட்டியையும் பற்றிச் சொன்னேன். அவள் அடுத்த வீட்டை மறந்து கேட்டுக்கொண்டிருந்தாள். மாட்டுக்கு ரேடியோ கேட்டதற்கு மோர் புரையேறச் சிரித்தாள்.

லிஃப்ட் வரை போனவளைக் கூப்பிட்டேன்.

“ஆறுன்னு சொன்னேம்லா, ஏழுல போடேன்.”

“சேவ் ஆயிருச்சு ஆன்ட்டி. மாத்தக் கூடாது” என்றாள்.

“நல்லது. மாத்தாத” என்றேன். “ஏழை நீ மனசுல வச்சுக்கோ.”