பாய்லர் மாமா கேட்ட கேள்வி

அன்பு மகனுக்கு,

கர்த்தர் தயவில் அப்பாவும் நானும் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம், நீயும் உன் மனைவியும் அங்கே உடம்பிலும் மனசிலும் சுகமாக இருக்கிறீர்கள் என்று தெரிந்தால்தான் எனக்குச் சாப்பாடு இறங்கும். அப்பாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, நான் ஏதாவது வேலை சொன்னால் மட்டும் திரும்ப வந்துவிடுகிறது. உன் தங்கை கார் ஓட்டும் பரீட்சையில் மூன்றாவது தடவையும் தோற்றுவிட்டு, பரீட்சை வைத்தவருக்குத்தான் ஒன்றும் தெரியவில்லை என்கிறாள். சமையலறைக் குழாய் ஒழுகுகிறது. இதையெல்லாம் போனிலேயே சொல்லிவிடலாம். போனில் சொல்ல வராத ஒன்று இங்கே நடந்தது, அதற்காகத்தான் இந்தக் கடிதம், அவசரப்படாமல் படி.

ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் என்னோடு இருபத்தாறு வருஷமாக வேலை பார்க்கும் பாய்லர் மாமாவை உனக்கு நினைவிருக்கும், மழையில் நனைந்து வரும் உன் காலுறைகளை நீராவிக் குழாயில் காயவைத்துத் தருவாரே, அவர்தான். கடவுள் பேச்சை எடுத்தாலே சிரிப்பார். நான் நரகத்தைப் பற்றிச் சொன்னால், "எட்டு மணி நேரம் பாய்லர் பக்கத்துலயே நிக்கிறேன்க்கா, அங்க போனா எனக்கு ட்ரெயினிங்கே வேண்டாம்" என்பார். போன மாதம் அவருக்கு நெஞ்சை அடைத்து நம் ஆஸ்பத்திரியிலேயே சேர்த்தார்கள், வியாழக்கிழமை இருதய ஆபரேஷன் என்று முடிவானது. திங்கட்கிழமை மத்தியானம் பார்க்கப் போனேன். படுக்கை விரிப்பின் மூலையைத் தூக்கிக் காட்டி, "கறை போகல பாருங்க, உங்க கைவரிசைதானே" என்று கேலி செய்தார். பிறகு முகம் மாறிவிட்டது. "அக்கா, விளையாட்டுக்குக் கேக்கல. ஒருத்தன் நம்பாமலே செத்துட்டா எங்க போறான்? ஆபரேஷனுக்கு முன்னாடி சொல்லுங்க" என்றார். இருபத்தாறு வருஷம் கேட்காமலே சொன்னவள் நான், அவரே கேட்டபோது, "விசாரிச்சுட்டு வரேன் தம்பி" என்றேன், ஏதோ ரயில் நேரம் கேட்டவருக்குச் சொல்வதுபோல.

நேரே போதகரிடம் போனேன், ஆலயத்தில் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். நம்பாதவர்களுக்கு முடிவில்லாத தண்டனைதான், வேதம் அப்படித்தான் சொல்கிறது, அவருக்கு இன்னும் நேரமிருக்கிறது, போய் எடுத்துச் சொல்லுங்கள் என்றார். நான் கதவுவரை போனதும் கூப்பிட்டார். அவருடைய அம்மா கடைசிவரை நம்பாமலே போனவராம், எனக்கு இத்தனை நாள் தெரியாது. "எல்லார் அடக்கத்துலயும் பேசறேன்மா, எங்க அம்மாவுக்கு மட்டும் வாய் வரல, வேற ஒருத்தரைக் கூப்பிட்டேன்" என்று சொல்லிவிட்டு மறுபடி நாற்காலியைத் தூக்கப் போய்விட்டார். மறுநாள், ஆலயத்தில் ஆர்கன் வாசிக்கும் ரசாயன டீச்சரைப் பிடித்தேன். அவர் வேறு மாதிரி சொன்னார். "நெருப்புன்னா எரிச்சு முடிக்கும். ஒருத்தன் முடிவே இல்லாம எரியணும்னா, அவன் சாகாம இருக்க கடவுள் தினமும் அவனுக்கு உயிர் கொடுக்கணுமே, வதைக்கறதுக்குன்னு கொடுப்பாரா? அணைஞ்சு போவான், அவ்வளவுதான்" என்றார். வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். அவர் பட்டாணி உரித்துக்கொண்டே, "தொலைஞ்ச ஆட்டைத் தேடிப் போனவரு, அது செத்துப்போச்சுன்னு பாதியில திரும்பிடுவாரா? கடைசியில எல்லாரையும் சேர்த்துடுவாரு" என்றார். அப்படியானால் முப்பது வருஷமாக ஞாயிற்றுக்கிழமை விடியலில் என்னை ஏன் எழுப்பினீர்கள் என்று கேட்டேன். "நீ நல்லா பாடுவே, அதுக்கு" என்கிறார், இந்த மனிதரை என்ன செய்ய.

ஒரே வேதம், ஒரே சபை, அதில் ஒருவர் என் வீட்டுக்காரரே, ஆனால் மூன்று பதில். எனக்குக் கோபம் வரவில்லை, பயமும் வரவில்லை. பூட்டியே கிடந்த அறையை இந்த ஐம்பத்தெட்டு வயதில் திறந்து பார்ப்பவள்போல ஆவலாகத்தான் இருந்தது. வேதத்தை எடுத்து நான் இதுவரை கோடு போடாத வசனங்களாகத் தேடித் தேடிப் படித்தேன். மூன்று பேருக்கும் அதில் இடம் இருந்தது, அதுதான் எனக்கு ஆச்சரியம்.

புதன்கிழமை போய் ஒன்றும் மறைக்காமல் பாய்லர் மாமாவிடம் சொன்னேன், எது சரி என்று எனக்குத் தெரியவில்லை என்பதையும் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை. "நெருப்புக்குப் பயந்து கேக்கலக்கா. எனக்கு ஒரு பொண்ணு பிறந்து நாலாம் நாள் போயிடுச்சே, ஞாபகம் இருக்கா? அவளைப் பார்க்க முடியுமா முடியாதான்னுதான் கேட்டேன். நீங்கதான் அப்ப சொன்னீங்க" என்றார். பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால், இஸ்திரி மெஷின் பக்கத்தில் நின்றுகொண்டு, ஆறுதல் என்று நினைத்துக்கொண்டு, குழந்தை கடவுளிடம் இருக்கிறது, நீ மனந்திரும்பினால் பார்க்கலாம், இல்லாவிட்டால் என்றைக்கும் பார்க்க முடியாது என்று சொன்னவள் நான்தான். சொல்லிவிட்டுத் தலையணை உறைகளை எண்ணப் போய்விட்டேன். அவர் அதை இத்தனை வருஷம் நெஞ்சில் வைத்துக்கொண்டு எனக்கு வணக்கம் சொல்லியிருக்கிறார். கையைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டேன், அப்படித் தீர்ப்புச் சொல்ல எனக்கு யாரும் அதிகாரம் கொடுக்கவில்லை தம்பி என்றேன். அவர், "எனக்கு இடம் உண்டோ இல்லையோ, அது என் பாடு. பிள்ளையை அங்க யாராவது தூக்கி வச்சிருக்காங்களான்னு மட்டும் உங்க ஆண்டவர்கிட்ட கேளுங்க" என்றார். அங்கேயே கேட்டேன். அவர் கண்ணை மூடவில்லை, ஆனால் நான் ஆமென் சொல்லும்வரை என் கையை விடவில்லை.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து இப்போது வீட்டில் இருக்கிறார். நம்பிக்கையெல்லாம் வந்துவிடவில்லை, அந்த டீச்சரைக் கூட்டிக்கொண்டு வாருங்கள், அவரிடம் கேட்க ரெண்டு கேள்வி இருக்கிறது என்கிறார். போதகர் தாமாகவே போய் அவரோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு வந்தார், என்ன பேசினீர்கள் என்று கேட்டதற்கு, தம் அம்மாவைப் பற்றி என்றார்.

இப்போது உன் மனைவி விஷயம். அவளுக்கு நான் அனுப்பிய ஒவ்வொரு பார்சலிலும் ஸ்வெட்டர் மடிப்புக்குள் மனந்திரும்பச் சொல்லும் சபைத் துண்டுப் பிரசுரம் ஒன்று வைத்தேன், நீ எடுத்து ஒளித்தாயோ, அவளே படித்து வருத்தப்பட்டாளோ தெரியாது. அன்பினால்தான் வைத்தேன், ஆனால் இஸ்திரி மெஷின் பக்கத்திலும் நான் அன்பாகத்தான் பேசினேன். இனி வராது. என் விசுவாசத்தை நான் விட்டுவிடவில்லை, யாரை எங்கே அனுப்புவது என்ற வேலையைத்தான் விட்டுவிட்டேன். அவள் எதை நம்புகிறாள் என்று ஐந்து வருஷத்தில் ஒரு தடவைகூட நான் கேட்டதில்லை. ஞாயிற்றுக்கிழமை போனில் கேட்கப்போகிறேன், மனசில் இருப்பதைச் சொல்லச் சொல். நான் குறுக்கே பேசமாட்டேன், பேசினால் போனைப் பிடுங்கிக்கொள்ளும்படி அப்பாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

கர்த்தர் உங்கள் இருவரையும், இருவரையும் என்றுதான் எழுதுகிறேன், தம் கைக்குள் வைத்துக் காப்பாராக. காலையில் சாப்பிடாமல் வேலைக்கு ஓடாதே. பல் டாக்டரைப் போய்ப் பார், அதைத் தள்ளிப்போட எந்த வேதத்திலும் இடமில்லை.

உங்கள் இருவருக்கும் முத்தங்களுடன்,
அம்மா