எல்லாவற்றுக்கும் ஒரு ஆல்ரெடி

அன்புள்ள யோகலட்சுமிக்கு,

நலம்தானே? அம்மாவின் முட்டிவலி குறைந்ததா? பாப்பாவுக்குச் சளி விட்டதா? தினமும் போனில் பேசுகிறோம், ஆனாலும் இதைச் சொல்ல வாய் வராததால் எழுதுகிறேன்.

இங்கே சிங்கப்பூரில் 'ஆல்ரெடி' இல்லாமல் யாருக்கும் பேச்சே முடியாது. பள்ளியில் அதை வாக்கியத்தின் நடுவில் வைக்கச் சொன்னார்கள். இங்கே கடைசியில்தான் வரும், நம் 'ஆச்சு' போல. சூப்பர்வைசர் லிம் தினமும் "ஈட் ஆல்ரெடி?" என்பார். நீ "சாப்ட்டாச்சா?" என்று கேட்பதுபோலவே இருக்கும். சாப்பிடாத நாளிலும் "ஆல்ரெடி" என்றுவிடுவேன்.

போன வாரம் தகடு கீறி விரலில் மூன்று தையல். பயப்படாதே, வலி போயாச்சு. அந்தக் கையால்தான் திங்கட்கிழமை வேலை ஒப்பந்தத்தை நீட்டிக்கும் தாளில் கையெழுத்துப் போட்டேன். இன்னும் இரண்டு வருடம். லிம் "சைன் ஆல்ரெடி?" என்றார். "ஆல்ரெடி" என்றேன். உன்னைக் கேட்டிருந்தால், "பாப்பா போன்ல உங்களத் தேடிகினு இருக்கா" என்றிருப்பாய், பேனாவைக் கீழே வைத்திருப்பேன். தப்புதான், திட்டிக்கொள்.

பொதட்டூர்பேட்டை லுங்கி இரண்டு அனுப்பு. நான் வந்ததும் பாப்பாவுக்கு மொட்டை போடலாம் என்று தள்ளிவைத்தோமே, இனிமேல் தள்ளாதே. ஆடிக்கிருத்திகைக்கு மலைக்கோயிலில் உன் அண்ணன் மடியில் உட்காரவைத்து முடி இறக்கிவிடு. அதற்கு முன் இரட்டைக் குடுமி போட்டு ஒரு போட்டோ எடு. அந்த முடியை நான் இன்னும் தொட்டதே இல்லை.

வேலைக்குப் போகும் லாரி வந்தாச்சு, கூப்பிடுகிறார்கள்.

கதிரவன்