அலிபிரி ஏறாத முடி

மாசி, சனிக்கிழமை.

ஆந்திரத் தேர்தலில் எங்கள் ஆள் தோற்றுவிட்டார். ஆந்திர எல்லைக்குள் மாட்டிக்கொண்ட எங்கள் தமிழ் ஊரை மதராஸோடு சேர்க்கச் சொல்லி நின்றவர். அவர் ஜெயித்தால் அலிபிரி அடிவாரத்திலிருந்து நடந்தே பெருமாள் மலையேறி மொட்டை போடுவதாக நேர்ந்துகொண்டு முடி வளர்த்தேன். நேற்று முழுக்கச் சோறு இறங்கவில்லை.

காலையில் என் மனைவி கனகா வெந்நீர் வைத்தாள். "படுத்துக்கினே இருந்தா ஓட்டு திரும்பி வந்துடுமா? எழுந்து வாய்யா," என்று தலையில் எண்ணெய் தேய்த்தாள்.

"முடியை வெட்டிடட்டுமா?" என்றேன்.

"சாமிக்கு நேந்துக்கினது. கத்தரி படக்கூடாது. அடுத்த எலெக்‌ஷன் வரைக்கும் இருக்கட்டும்."

சொன்னவளின் கை அப்படியே நின்றது. அதற்குள் எங்கள் ஊரை ஆந்திரத்திலேயே விட்டு எல்லைக்கல் நட்டுவிடுவார்கள் என்று அவளுக்கும் தெரியும்.

வெந்நீர் ஊற்றி அவள் தேய்த்த சீயக்காய் என் கண்ணில் பட்டது, எரிந்தது, துடைத்தேன். அவள் கண்ணில் சீயக்காய் படவில்லை; அவளும் துடைத்துக்கொண்டாள்.