ஆறாம் பக்கத்து வரி

என் கோபக்காரத் தங்கைக்கு,

பாதியில் கிழித்துப் போட்டுவிடாதே, சந்தோஷ சமாச்சாரம்.

நரம்பியலில் நான் எழுதிய ஒரே உருப்படியான கட்டுரையை இதுவரை இருநூற்றுப் பதினான்கு பேர் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள். தலைகால் புரியாத சந்தோஷத்தில் ஒவ்வொன்றாகப் படித்தேன். பாவிகள்! என் பெரிய கோட்பாட்டை ஒருவர்கூடச் சீண்டவில்லை. எல்லோரும் எடுத்தாண்டது ஆறாம் பக்கத்து ஒற்றை வரியைத்தான்: நடுக்குவாத நோயாளி ஒருவர் வாசற்படியில் கால் நகராமல் நின்றபோது, 'குடும்பத்தினர் ஒருவர்' தட்டில் கரண்டியால் தாளம் போட, அவர் நடந்தார்.

"அப்பா, என் தாளத்துக்கு வாங்க பாக்கலாம்!" என்று நீ கத்தியது இன்னும் காதில் இருக்கிறது. அதை அப்படியே எழுதிக்கொண்ட எனக்கு உன் பெயரை எழுதத்தான் மனம் வரவில்லை. நீ பேச்சை நிறுத்தியதில் தப்பே இல்லை.

போன மாதம் இதழுக்குத் திருத்தம் அனுப்பினேன், இன்று வெளியிட்டுவிட்டார்கள். இனி அந்தக் கட்டுரைக்கு இரண்டு பெயர்கள். முதலில் இருப்பது உன்னுடையது.

அப்பாவிடம் சொன்னதும் வாசற்படியில் நின்றபடியே சிரித்தார். நான் கரண்டியை எடுத்துத் தட்டினேன். "உனக்குத் தாளமே வரலம்மா, அவள வரச் சொல்லு" என்கிறார்.

இப்படிக்கு,
இரண்டாவது பெயர்க்காரி,
உன் அக்கா