பால்மானிக்கு வைத்த பொட்டு

பாளையங்கோட்டை
26-10-1913, ஞாயிறு

அன்புள்ள பியூலாவுக்கு,

ஞானம்பாள் எழுதுவது. உன் நலம் கேட்கத்தான் காகிதம் எடுத்தேன். ஆத்திரம் முந்திக்கொள்கிறது. பொறுத்துக்கொள்.

எங்கள் பள்ளி விடுதிக்கு வரும் பாலைச் சோதிப்பது என் பொறுப்பு என்று எழுதியிருந்தேனே. பி.ஏ. படித்தவள், கண்ணாடிச் சாமானை உடைக்க மாட்டாள் என்று மானேஜர் நமச்சிவாயம் பிள்ளை பால்மானியை என்னிடம் கொடுத்தார். தினமும் பாலில் மிதக்கவிட்டுக் கோட்டைப் பார்ப்பேன். பாலில் முங்கிய பாகத்தை மட்டும் கழுவித் துடைத்துப் பெட்டியில் வைப்பேன். மேலே நிற்கும் தண்டை நான் கழுவியதே இல்லை. பால் படாத இடத்தை எதற்குக் கழுவ என்றிருந்தேன்.

சரஸ்வதி பூஜைக்கு மறுநாளிலிருந்து, பால்காரி தங்கத்தாய் கொண்டுவரும் பாலில் பால்மானி நாலு கோடு கூடுதலாக அமிழ்ந்தது. தண்ணீர் கலந்தால்தான் அப்படி அமிழும். மூன்று நாள் பார்த்துவிட்டு மானேஜரிடம் சொன்னேன். வாசலில், பிள்ளைகள் எதிரே, இனிப் பால் வேண்டாம் என்று அவளை நிறுத்திவிட்டார். அவள் என்னிடம், "எம்மாடு தண்ணி குடிக்கும் தாயி, நான் ஊத்த மாட்டேன். ஒங்க கண்ணாடிக் குச்சியக் கேட்டுப் பாருங்க" என்றாள். அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் குனிந்துகொண்டேன்.

அவளுக்குப் பதிலாக வந்த பலவேசத்தின் பாலும் அப்படியே. "குச்சிக்குத்தான் தாகம் போலுக்கே" என்று அவன் கேலி செய்கிறான். நேற்று எரிச்சலில் வெறும் தண்ணீரில் விட்டுப் பார்த்தேன். தண்ணீருக்கென்று குறித்த கோட்டைத் தாண்டி அதிலும் நாலு கோடு இறங்கிற்று. தண்ணீரில் தண்ணீர் ஊற்றியது யார், பியூலா?

தண்டின் உச்சியைப் பார்த்தேன். சந்தனமும் குங்குமமும் பொருக்காகக் காய்ந்திருந்தன. பூஜையன்று எல்லாச் சாமானுக்கும் பொட்டு வைத்த நான்தான் இதற்கும் வைத்தேன். அந்த எடைதான் இத்தனை நாளும் அமிழ்த்தியிருக்கிறது. வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து, துணியால் பைய எடுத்ததும் பழைய கோட்டுக்கு வந்துவிட்டது.

மானேஜரிடம் ஓடினேன். "சாமிக்கு வச்ச சந்தனத்தையா குத்தம் சொல்லுதே? வெளிய தெரிஞ்சா பள்ளிக்கூடத்த எவன் மதிப்பான்? வேற ஆளு வந்தாச்சு, வாய மூடிட்டு இரும்மா" என்கிறார். என் வாய் எப்போது திறந்திருந்தது?

தங்கத்தாயிடம் தெருவில் யாரும் பால் வாங்குவதில்லையாம். செவ்வாய்க்கிழமைச் சந்தைக்கு மாட்டை விற்க ஓட்டப் போகிறாள் என்று சமையற்கார பார்வதியம்மாள் சொன்னாள். இன்று காலை தங்கத்தாய் வீட்டு முடுக்கு வரை போனேன். மாட்டைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். எனக்குப் பேச்சு எழவில்லை. திரும்பிவிட்டேன். கல்லூரியில் எனக்காக எப்போதும் நீ பேசுவாய்.

நாளைக் காலை பால்மானியோடு போகிறேன். தெருப் பெண்கள் கூடியிருக்கும்போது அவள் பாலில் விடவேண்டும், தவறு என்னுடையது என்று சொல்லவேண்டும். மானேஜர் என்ன செய்வாரோ, செய்யட்டும்.

இந்தக் கடிதம் உன் கைக்கு வருமுன் சந்தை முடிந்திருக்கும். ஆனாலும் எனக்காக ஜெபம் செய். பால்மானி சரியாக நிற்கும். எனக்குக் குரல் எழும்ப வேண்டும்.

உன்
ஞானம்